கொக்குப் பாட்டுக்காரர்

சிவகாசிக்காரர் ஒருவர் மயில் மேல் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். சொன்ன கையோடு, "நெசமான மயில் இல்லடா, நாடக மயில்" என்று ஒரு திருத்தமும் வரும். எந்த மயிலானாலும் தேதி உறுதி. 1940 டிசம்பர் 31. ஊர் சென்னை. நாடகம் வள்ளி திருமணம், வேடம் முருகன். ஆள், எஸ். எஸ். விஸ்வநாததாஸ்.

1886இல் சிவகாசியில் பிறந்தவர். அன்றைய சிவகாசி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த வானம் பார்த்த ஊர். தீப்பெட்டி கிடையாது, பட்டாசு கிடையாது, காலண்டர் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததே 1922, 23இல்தான். இன்றைக்குச் சிவகாசி என்றதும் நம் மூக்கில் ஏறுகிற கருமருந்து வாசம் எதுவும் அந்தப் பிள்ளை வளர்ந்த தெருவில் இருந்திருக்காது. ஆனால் பாட்டு இருந்தது. கோயில் கொடை இருந்தது, கூத்து இருந்தது, விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிற சனம் இருந்தது.

எங்கள் வீட்டில் பாட்டு வந்தது பெரியப்பா வழியாக. அவர் லித்தோ அச்சகத்தில் வேலை பார்த்தவர். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், சாமி படம் எல்லாம் அவர் கைபட்டுத்தான் ஊர் ஊராகப் போயின. அவரிடம் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. யாரோ ஒரு முதலாளி வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதை வாங்கி வந்து, ஸ்பிரிங் மாற்றி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் அதைத் திறப்பார். அதற்கு முன் யாரும் பெட்டிப் பக்கம் போகக் கூடாது.

சாவியை நிதானமாக முறுக்குவார். அதிகம் முறுக்கினால் ஸ்பிரிங் போய்விடும் என்று ஒவ்வொரு தடவையும் எங்களுக்குச் சொல்வார். தகர டப்பாவிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் முனையைப் பார்ப்பார். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது கம்பெனி விதி. பெரியப்பா நாலு பக்கம் ஓட்டுவார். தட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் பிடித்துக்கொண்டு, வேட்டி நுனியால் வட்டமாகத் துடைப்பார். கறுப்புத் தட்டு, நடுவில் நாய்ப் படம். ஊசியை இறக்கியதும் முதலில் வருவது பாட்டில்லை, மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அதன் உள்ளேயிருந்து ஹார்மோனியம் எழும். அதற்கும் மேலே, எங்கேயோ உச்சாணியில், ஒரு ஆணின் குரல் கிளம்பும். ஆண் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று அதற்கு முன் எங்களுக்குத் தெரியாது.

அது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. ஹார்மோனியம் அவருடைய அண்ணன் காசி ஐயர். இதைச் சொல்லும்போது பெரியப்பா அந்த இருவருக்கும் சொந்தக்காரர் போலச் சொல்வார். கிட்டப்பா 1906இல் பிறந்து 1933 டிசம்பர் 2இல் இறந்தார். 27 வயது. மைக் வராத காலத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கேட்கப் பாடிய தொண்டை அது. அந்தத் தொண்டையில் நமக்கு மிஞ்சியது பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிடம் வீதம் சில தட்டுகள். வள்ளலார் விருத்தம் ஒன்று, தியாகராஜர் கீர்த்தனைகள், நாடகப் பாட்டுகள்.

ஒரு பக்கம் முடிந்ததும் தட்டு 'டக் டக்' என்று உள் வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரியப்பா உடனே எழுந்து கையைத் தூக்கிவிட மாட்டார். அந்த டக் டக்கையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் ஒரு நாள் கேட்டேன். "பெரியப்பா, நம்ம ஊர்க்காரர் பாடுனது ஒண்ணு போடுங்க."

"யாரைச் சொல்ற?"

"மயில் மேல செத்தாரே."

பெரியப்பா தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தேடிப் பார்ப்பது போல ஒரு பாவனை, அவ்வளவுதான். அவரிடம் இல்லை என்பது அவருக்கே தெரியும். "அவரு தட்டுக்குள்ள அடங்குற ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி கிட்டப்பாவையே போட்டார்.

விஸ்வநாததாஸின் குரலை நான் கேட்டதில்லை. கேட்டவர் ஒருவர் பாடிக்காட்டியதைக் கேட்டிருக்கிறேன். அவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஹார்மோனியக்காரர். ஸ்பெஷல் நாடகத்துக்கு வாசித்து வாசித்து முதுகு வளைந்தவர். அவர் கதை பிறகு.

ஸ்பெஷல் நாடகம் என்பதை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கம்பெனி நாடகத்தில் ஒரு குழு கூடவே தங்கி, ஒத்திகை பார்த்து, ஊர் ஊராகப் போகும். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து, பபூன் மூன்றாவது ஊரிலிருந்து. சாயங்காலம் மேடைக்குப் பின்னால் முகத்தில் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம். தூத்துக்குடி பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த அந்த மனுஷர் 1922இல் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதி வைத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் ஒவ்வொரு நடிகர் நெஞ்சிலும் மனப்பாடமாக இருந்தன. கதை எல்லோருக்கும் ஒன்று. அதற்குள் எதைப் பாடுவது, எதைப் பேசுவது, எவ்வளவு நேரம் இழுப்பது என்பது அன்றன்றைய ராத்திரியின் பாடு. முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ண ஆரம்பித்தால் கோழி கூவுகிற வரைக்கும் போகும். இன்றைக்கும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் கொடைக்கு நாடகம் போடுகிறார்கள். நோட்டீஸில் நடிகர்கள் படம் வட்டம் வட்டமாக இருக்கும். அந்த நோட்டீஸில் பெரும்பகுதி அச்சாவதும் இந்தப் பக்கத்தில்தான்.

இந்த அமைப்பில் ஒரு பெரிய வசதி இருந்தது. வெள்ளைக்காரன் 1876இலேயே நாடகங்களைத் தடை செய்ய ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தான். எழுதின நாடகத்தைப் படித்துப் பார்த்து இது கூடாது என்று சொல்லிவிடலாம். வள்ளி திருமணத்தை எப்படித் தடை செய்வது? முருகன் வருகிறார், தினைப்புனத்தில் வள்ளியைப் பார்க்கிறார், பாடுகிறார். அவர் எந்தப் பாட்டைப் பாடப்போகிறார் என்பது வாய் திறக்கிற வரை இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. சில ராத்திரிகளில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஹார்மோனியக்காரருக்கே தெரியாது.

விஸ்வநாததாஸ் நுழைந்தது இந்த இடுக்கு வழியாகத்தான். 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் சுட்டார்கள். அந்தப் படுகொலையைப் பற்றிய பாட்டு தமிழ்நாட்டுக் கிராமத்து மேடையில் முருகன் வாயிலிருந்து வந்தது. பத்திரிகை படிக்கத் தெரியாத சம்சாரிக்கு அமிர்தசரஸில் நடந்ததைச் சொன்னது அந்தப் பாட்டு. எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். அவர்தான் கொக்குப் பாட்டையும் எழுதியவர்.

கொக்குப் பாட்டு விஷயம் ரொம்பச் சுலபம், அதனால்தான் அது அவ்வளவு கெட்டி. தினைப்புனம் என்றாலே பறவை விரட்டுகிற இடம். அங்கே ஒரு கொக்கு பறந்து வந்தால் யார் கேள்வி கேட்க முடியும்? கொக்கு வெள்ளையாக இருப்பது கொக்கின் குற்றமா? பாப்பாவுக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி, தாலாட்டு மெட்டில், மேலே ஒரு வெள்ளைக் கொக்கு பறக்கிறது என்று ஆரம்பிக்கும். அடுத்த அடியில் அந்தக் கொக்கு எங்கிருந்து வந்தது, இங்கே வந்து எதைக் கொத்திக்கொண்டு போகிறது என்று வரும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற போலீஸ்காரரைத் தவிர எல்லோரும் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். அவருக்கும் புரியும். என்னவென்று ரிப்போர்ட் எழுதுவது என்பதுதான் அவர் சங்கடம். 'கொக்கைப் பற்றிப் பாடினார்' என்றா?

அப்படியும் எழுதினார்கள். கைது செய்தார்கள், சிறையில் போட்டார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். எத்தனை முறை என்பதற்கு மேடைக்கு மேடை ஒரு கணக்கு சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் ஆர்வம் இல்லை. எண்ணிக்கையைச் சொல்லிக் கை தட்டிவிட்டால் அந்த ஆள் என்ன பாடினார், எப்படிப் பாடினார் என்று யாரும் கேட்பதில்லை. முருகன் வேடத்தோடேயே போலீஸ் அழைத்துக்கொண்டு போனது என்றும், 'முருகனை எப்படிக் கைது செய்வீர்' என்று அவர் கேட்டார் என்றும் சொல்வார்கள். நடந்திருக்கும். நடக்காவிட்டாலும் அந்தச் சனம் அப்படி நடந்ததாகவே வைத்துக்கொண்டிருக்கும்.

பாஸ்கரதாஸைப் பற்றி இரண்டு வார்த்தை. இயற்பெயர் வெள்ளைச்சாமி. வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாட்டெழுதியவருக்கு அந்தப் பேர் அமைந்தது வேடிக்கைதான். 1892இல் பிறந்து 1952இல் மறைந்தார். பிற்காலத்தில் விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்தில் இருந்தார். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31இல் வந்தபோது, அதில் டி. பி. ராஜலட்சுமி கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டையைப் பாடினாரே, அதெல்லாம் இவர் கைவரிசை. காளிதாசன் கதைக்குள் கதர் ராட்டை எப்படி வந்தது என்று அன்றைக்கு யாரும் குழம்பவில்லை. நாடகத்தில் பழகிய வழக்கம்தானே. தன் நாட்களை அவர் டைரியில் குறித்து வைத்தார். யாருக்கு என்ன பாட்டு எழுதினேன், எந்த ஊரில் என்ன நாடகம் என்று. பேரன் முருகபூபதி அந்தக் குறிப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். இன்னும் இரண்டு பேரன்களைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை, ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி. பாட்டெழுதியவரிடம் டைரி இருந்ததால் அந்தக் காலம் கொஞ்சம் நமக்குக் கிடைத்தது. பாடியவர்களிடம் டைரி எழுத நேரம் ஏது? விடியக்காலை அரிதாரத்தைக் கலைத்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

தட்டுக்குத் திரும்புகிறேன். இந்தியாவில் முதல் முதலாக 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் உள்ளிட்டவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். தட்டு அழுத்துகிற தொழிற்சாலை அங்கேயே சியால்டாவில் 1908இல் வந்தது, பிறகு டம்டம்முக்குப் போனது. சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததும் கல்கத்தாவிலிருந்து, பெரியப்பாவின் கிட்டப்பா வந்ததும் கல்கத்தாவிலிருந்து. தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கு. மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் பூச்சி கக்குகிற அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தினால் தட்டு. அரக்கை வாணவேடிக்கை மருந்தில் சேர்ப்பதும் உலகெங்கும் பழைய வழக்கம், வண்ணத் தீப்பொறிக்கு எரிபொருளாகவும் ஒட்டாகவும். ஒரே அரக்குதான். ஒன்றில் குரலாகிறது, ஒன்றில் வெளிச்சமாகிறது.

தட்டில் தங்கிய குரலுக்கு வெளியூர்க் கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்று ஒருவர் இருந்தார். மிசிசிப்பியில் மெரிடியன் ஊர், ரயில்வேயில் பிரேக்மேன் வேலை, காசநோயால் அதுவும் போயிற்று. அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு அவரைத் தகப்பன் என்கிறார்கள். 1927 ஜூலைக் கடைசியில் பிரிஸ்டல் என்கிற மலையோர ஊருக்கு ரால்ஃப் பியர் என்ற கம்பெனி ஆள் பதிவு இயந்திரத்தோடு வந்து, சுற்றுவட்டாரப் பாட்டுக்காரர்களை அழைத்துப் பாடவைத்தார். ராட்ஜர்ஸும் அங்கேதான் முதல் முதலாகப் பாடினார். இதே ரால்ஃப் பியர்தான் 1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற கிழவரின் பாட்டைப் பதிவு செய்துவிட்டுக் கேட்கச் சகிக்கவில்லை என்றவர். ஊர் நாற்காலிக் கடைக்காரர் ஒருவர் விடாப்பிடியாகத் தட்டுகளைக் கேட்டு வாங்க, விற்றுத் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனிகளுக்குப் பட்டிக்காட்டுக் குரலிலும் காசு இருக்கிறது என்று உறைத்தது.

ராட்ஜர்ஸ் 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசியாகப் பாடும்போது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் படுத்து எழ ஸ்டூடியோவிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். மே 26இல் செத்துப்போனார், 35 வயது. அதே வருஷம் டிசம்பரில் கிட்டப்பா. ராட்ஜர்ஸின் தட்டுகள் 'ட்வின்' என்கிற மலிவு முத்திரையில் இந்தியாவிலும் வெளியாயின. அதே ட்வின் முத்திரையில் நம் நாடகத் தட்டுகளும் வந்தன. கென்யாவில் கிப்சிகிஸ் மக்களிடம் ராட்ஜர்ஸ் தட்டு போய்ச் சேர்ந்தது. அந்தக் குரல்காரர் மனுஷன் பாதி, மான் பாதி என்று முடிவு கட்டி, அவர் பேரைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றி ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். 1950இல் ஹியூ ட்ரேசி என்பவர் அதைப் பதிவு செய்தார். கிராமபோன் எங்கே யாரைச் சாமியாக்கும் என்று எந்தக் கம்பெனிக்கும் தெரியாது.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கிட்டப்பா போன பிறகு அவர் மனைவியும் நாடக நடிகையுமான கே. பி. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார், ஆண் நடிகரோடு ஜோடியாக நடிக்க மாட்டேன் என்றார். 1935இல் 'நந்தனார்' படத்துக்கு அவருக்கு லட்ச ரூபாய் கொடுத்தார்கள், அவரே நந்தனாராக நடித்தார். காந்தியைப் பற்றியும் மோதிலால் நேருவின் மறைவைப் பற்றியும் அவர் பாடிய தட்டுகள் வீட்டுக்கு வீடு ஒலித்தன. காங்கிரஸ் கூட்டம் என்றால் சத்தியமூர்த்தி பேச வருவதற்கு முன் சனத்தைக் கூட்டியது சுந்தராம்பாள் பாட்டு. நாடகக்காரர்களை அதுவரை திண்ணையில் உட்காரவைக்கவும் யோசித்த பெரிய மனிதர்களுக்கு அப்போது அவர்கள் வேண்டியவர்களானார்கள்.

திண்ணை என்றதும் விஸ்வநாததாஸுக்கே வர வேண்டியிருக்கிறது. அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். மேடையில் முருகனாக வந்தால் சூடம் காட்டிக் கும்பிடுவார்கள், மேடையை விட்டு இறங்கினால் சாதியைப் பார்ப்பார்கள். அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள் என்பதைப் பெரியவர்கள் மறைக்காமல்தான் சொல்வார்கள். தேசபக்திக் கதையில் இந்தப் பகுதியைச் சிலர் விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கக் கூடாது. வெள்ளைக்காரனின் சிறையைவிட இது அவருக்கு அதிகம் வலித்திருக்கும் என்பது என் எண்ணம். சிறையிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

இப்போது ஹார்மோனியக்காரர். அவர் சின்னப் பையனாக மேடைக்குப் பின்னால் பெட்டி தூக்கித் திரிந்த காலத்தில் விஸ்வநாததாஸைக் கேட்டிருக்கிறார். நான் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவேன். உள்ளே அவர் மருமகள் சரவெடி பின்னிக்கொண்டிருப்பார். சணல் நூல் விரலில் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"தாத்தா, தாசு குரல் எப்படி இருக்கும்?"

"எப்படின்னா என்னத்தச் சொல்ல? கடைசி மாட்டுவண்டியில உக்காந்து பாக்குறவனுக்குக் கேக்கணும். அதான் குரலு."

"கிட்டப்பா மாதிரியா?"

"கிட்டப்பாவக் கேட்டா வாயப் பொளந்து பாப்பாங்க. தாசக் கேட்டா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எந்திரிப்பாங்க."

ஹார்மோனியத்தின் துருத்தியை இழுத்துவிட்டு, கொக்குப் பாட்டு மெட்டை வாசித்துக்காட்டினார். முதல் தடவை தாலாட்டாகவே இருந்தது. இரண்டாவது தடவை அதே கட்டைகள்தான், ஆனால் ஒவ்வொரு அடியின் கடைசியிலும் கொஞ்சம் நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "இங்கனதான் சனம் சிரிக்கும். சிரிச்சு முடியிற வரைக்கும் நாம அடுத்த அடிக்குப் போகக் கூடாது. தாசு பெட்டிக்காரனப் பாக்க மாட்டாரு, சனத்தப் பாப்பாரு. சனம் சொல்லணும் அடுத்த அடி எப்பம்னு." பிறகு அவரே பாடினார். எழுபதைத் தாண்டிய, வெற்றிலைக் காவி ஏறிய தொண்டை. உள்ளே சரவெடி பின்னுகிற சத்தம் நின்றது. மருமகள் நிலைப்படிக்கு வந்து நின்றுகொண்டார்.

பெரியப்பா சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. தட்டில் அந்த நிறுத்தம் விழாது. மூன்று நிமிடத்தில் பாடி முடிக்க வேண்டும் என்று சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு பாடுகிறவனுக்குச் சனம் சிரித்து முடிகிற வரை காத்திருக்க முடியாது. ஸ்டூடியோவில் சிரிக்கச் சனமும் இல்லை, முறைக்கப் போலீஸும் இல்லை. கிட்டப்பாவின் பாட்டு தட்டில் முக்கால்வாசி வந்துவிடும், ஏனென்றால் அது குரலில் இருந்தது. விஸ்வநாததாஸின் பாட்டில் பாதி எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் இருந்தது. இப்படிச் சொல்வதால் பதிவு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பாதியாவது கிடைக்கட்டும் என்றுதான் சொல்வேன். ராட்ஜர்ஸின் இருமல்கூட அமெரிக்காக்காரனிடம் பத்திரமாக இருக்கும். நம் மனுஷர்களில் எத்தனை பேருடைய விருத்தம் நம்மிடம் இருக்கிறது?

விருதுநகரிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போனால் நடுவில் திருமங்கலம் வரும். விஸ்வநாததாஸ் வாழ்ந்த ஊர் அது. கடைசிக் காலத்தில் கடன், வீடு அடமானத்தில் என்றெல்லாம் சொல்வார்கள். வெள்ளைக்காரனின் யுத்தத்துக்கு ஆதரவாகப் பாடினால் கடனை அடைக்கிறோம் என்று தூது வந்ததாகவும், அவர் மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. இன்றைக்கு அவர் வீடு அரசின் நினைவு இல்லம். பிறந்த நாளில் மாலை போடுகிறார்கள். படம் இருக்கிறது. போகிறவர்கள் கேட்கும்படியாக அங்கே அவர் பாட்டை யாராவது தினமும் பாடவைத்தால் நன்றாயிருக்கும். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொக்குப் பாட்டு தெரியும், சொற்பச் சம்பளத்துக்கு வந்து பாடுவார்கள். அரசுக்கு இது ஒரு பெரிய செலவா?

அவர் இறந்த 1940இல்தான் இந்திய வெடிமருந்து விதிகள் வந்தன. உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. சிவகாசியில் உரிமம் வாங்கித் தொழிற்சாலைகள் கிளம்பின, 1942இல் ஸ்டாண்டர்டு. அவர் பிறந்த ஊர் உலகம் அறிந்த ஊரானது அவர் பார்க்காத வருஷங்களில். அதே போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவில் புதுத் தட்டு வேண்டுமானால் பழைய தட்டைக் கொடு என்று கேட்டு வாங்கி, அரைத்து, மறுபடி உருக்கினார்கள். எத்தனை பாட்டு அப்படி அரைபட்டதோ. நம் ஊரில் கதை வேறு. தட்டுக்குப் பதில் ரேடியோ வந்தது, ரேடியோவுக்குப் பதில் டேப் வந்தது, தட்டு பரணுக்குப் போயிற்று. பரணிலிருந்து பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. அவனும் எடைக்கு ஆகாது என்று தூக்கிப் போட்டான். சூடு காட்டிக் கிண்ணமாக வளைத்துப் பூச்சாடி ஆக்கியவர்களைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பாவின் பெட்டி அவர் காலத்துக்குப் பிறகு பாகப்பிரிவினையில் எனக்கு வரவில்லை. தட்டுகளில் பாதி வந்தது. அதில் ஒன்று குறுக்கே விண்டது. இன்னொன்றில் முத்திரைக் காகிதம் கரையான் தின்றுவிட்டதால் யார் பாடியது என்று படிக்க முடியவில்லை. ஓட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் பழைய ஊசியைப் போட்டு ஓட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும், ஒவ்வொரு ஓட்டத்திலும் இரும்பு ஊசி பள்ளத்தைச் சுரண்டும். அதனால் அதை விஷயம் தெரிந்தவர்களிடம் கொடுத்தேன். சுத்தம் செய்து, லேசான ஊசி வைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தார்கள். ஒரு பபூனின் பாட்டு. பேர் தெரியவில்லை. வெற்றிலைக் கடையைப் பற்றிய கிண்டல் பாட்டு. பாட்டு முடிந்த பிறகு, ஊசி தூக்குவதற்கு முன், யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்தது பதிவாகியிருக்கிறது.

சிவகாசி, விருதுநகர், சாத்தூர், திருமங்கலம், அருப்புக்கோட்டை பக்கத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டை இடிக்கும் முன் பரணைப் பாருங்கள். கறுப்புத் தட்டு கிடைத்தால் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், பாரத்தில் விண்டுபோகும். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயிலிலும் அடுப்பங்கரைச் சுவரிலும் வைக்காதீர்கள், அரக்கு வளையும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு அதில் கரைந்துவிடும். மெல்லிய துணி போதும். தட்டோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் கிடந்தால் அதையும் குப்பையில் போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிப்பட்ட நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் ஒரு நூலகத்துக்கு அஸ்திவாரம் போட்டார். அவர் பெயரில் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்கள். முத்திரை கிழிந்துபோன தட்டு என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம், அதில் யார் பாடியிருக்கிறார் என்று லேசான ஊசியில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.